புல்வெளியில் ஒரு சுவர்

அதை அணை என்று சொன்னால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சிரித்துக்கொள்வார்கள். கல்லும் சிமென்ட்டுமாக நிமிர்ந்து நிற்கும் அணை அன்று அது. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடையை மறித்து, மண்ணைக் குவித்து, இறுக்கி, மேலே புல் வளர்த்துவிட்ட வெறும் கரை. அதற்கு இரண்டு வேலைகள் விதிக்கப்பட்டிருந்தன. பெருமழையில் ஓடையில் வரும் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்திக் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே விடுவது முதல் வேலை. மற்ற நாள்களில், தேங்கிக் கிடக்கும் நீரில் மக்கள் படகு விட்டுப் பொழுதைப் போக்க இடங்கொடுப்பது இரண்டாவது வேலை. பெருமழை என்ற ஒன்று பல ஆண்டுகளாக வராமற்போகவே, முதல் வேலையை எல்லாரும் மறந்துபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

கரையின் இடக்கோடியில், கரைக்கும் சாலைமேட்டுக்கும் நடுவே, கரையைவிடத் தாழ்வாக ஓர் அகன்ற புல்வெளி இருந்தது. நீர் அளவுக்கு மீறி ஏறினால் கரையைத் தொடாமல் அந்த வழியாக வழிந்து, கீழ்த்தெருவைச் சுற்றிக்கொண்டு, பாறைப்பள்ளத்தில் இறங்கி, தெருவைத் தாண்டி ஓடையோடு மறுபடி சேர வேண்டும் என்பது அதைத் தாழ்வாக விட்டவர்களின் எண்ணம். ஆனால் வாயில் ஒருமுறைகூட நீர் படாத வாய்க்காலை வாய்க்கால் என்று யார் நம்புவார்கள்? குழந்தைகள் உருளுவதற்கும், பெரியவர்கள் விரிப்பைப் போட்டு உட்காருவதற்கும் அதைப்போல இன்னோர் இடம் கிடையாது. ஆகவே அங்கே ஒரு கேன்டீன் வந்தது.

கேன்டீனை நடத்தியவளை ஊரே கேன்டீனக்கா என்றுதான் அழைத்தது. அவளைவிட மூத்தவர்களும் அப்படியே அழைத்தார்கள். அணையின் ஷட்டரைத் திறந்து மூடும் வேலையிலிருந்தவர் அவளுடைய கணவர். அவருக்கு ஷட்டர்காரர் என்று பெயர். படகு விடும் குத்தகை அவளுடைய தம்பியிடம் இருந்தது. ஆக, அந்த ஏரி ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது என்றும், அந்தக் குடும்பம் அக்காவின் கையில் இருந்தது என்றும் சொல்வதில் பிழையில்லை.

அவளுக்கு எதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். டம்ளர்கள் ஒரே பக்கம் பார்த்துக் கவிழ்ந்திருக்க வேண்டும். பெஞ்சு சுவரை ஒட்டாமலும் விலகாமலும் நிற்க வேண்டும். சேற்றுக் காலோடு உள்ளே வருகிறவர் யாராயிருந்தாலும் வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொள்வார்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய கோடையில், தளிர்நடை நடந்துகொண்டிருந்த ஒரு குழந்தை, தாய் பன்னைப் பிய்த்துக் கொடுக்கத் திரும்பிய நேரத்தில், புல்வெளியின் சரிவில் ஓடி ஏரிக்குள் விழுந்துவிட்டது. அக்கா கட்டிய சேலையோடு குதித்துத் தூக்கினாள். குழந்தை அழுதது, தாய் அழுதாள், அக்கா அழவில்லை. அடுத்த வாரமே கீழ்த்தெருக் கொத்தனாரைக் கூட்டி வந்து, புல்வெளிக்கும் ஏரிக்கும் நடுவே, சாலைமேட்டுப் பாறையிலிருந்து கரையின் முனைவரை, மார்பளவு உயரத்துக்கு ஒரு சுவரை எழுப்பிவிட்டாள். கலவை போடும்போதெல்லாம் கூடவே நின்றாள். "கம்பி வைங்க. நாளைக்கு நாலு பேர் மேல ஏறி உட்கார்ந்தா அசையக் கூடாது" என்றாள். கொத்தனார் கம்பி வைத்தார். குழந்தைகளோடு வந்தவர்கள் வாயார வாழ்த்தினார்கள். அதன்பின் ஒரு குழந்தையும் நீரில் விழவில்லை.

மழை தொடங்கி இரண்டு நாள்கள் முடிந்து, மூன்றாம் நாள் காலையிலும் நிற்கவில்லை. ஏரிக்கு வருவார் யாரும் இல்லாதபோதும் அக்கா அடுப்பைப் பற்றவைத்துப் பாலைக் காய்ச்சி வைத்திருந்தாள். தம்பி தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு படியில் இறங்கி வந்தான்.

"அக்கா, படித்துறையில நேத்து உட்கார்ந்திருந்த படி இன்னைக்கு இல்ல."

"படி எங்க போயிடும், தண்ணிக்குள்ள இருக்கும். காலைத் துடைச்சிட்டு உள்ள வா."

"படகையெல்லாம் மேல இழுத்துக் கட்டிட்டேன். அந்த வாத்துப் படகுதான் அடம்பிடிக்குது."

"அது உன்னை மாதிரி. யாரு இழுத்தாலும் வராது, பசிச்சாத் தானா வரும். பன்னு எடுத்துக்கோ."

அவன் பன்னைத் தேநீரில் நனைத்தபடி வெளியே பார்த்தான். மழையில் சுவரின் சாம்பல் நிறம் கறுத்திருந்தது. அதற்கு அப்பால் வழக்கமாகத் தெரியும் ஏரிக்கரைச் சரிவு தெரியவில்லை.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் புல்லே தெரியலையே?"

"மழைன்னா தெரியாது."

"தண்ணி சுவர்கிட்ட வந்திருச்சு போலக்கா."

"வரட்டும். அதுக்குத்தானே சுவர்" என்றாள் அவள், ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

நண்பகலில் ஷட்டர்காரர் வந்தார். மனிதர் முழங்கைவரை சேறாக இருந்தார். ஷட்டருக்கு முன்னாலிருக்கும் கம்பித்தடுப்பில் கிளையும் தழையும் வந்து அடைத்துக்கொண்டிருந்தன. விடிந்ததிலிருந்து கொக்கிக்கழியால் அவற்றை இழுத்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு மட்டும் சேற்றுக் காலை மன்னித்தாள். முட்டையும் ரொட்டியும் தட்டில் வைத்து நீட்டினாள்.

"முழுசாத் திறந்துட்டீங்களா?"

"நேத்தே திறந்தாச்சு. இதுக்கு மேல திறக்க ஒண்ணுமில்ல."

"அப்புறமும் ஏறுதா?"

"ஏறுது."

"மேல எங்கயோ குளம் உடைஞ்சிருக்கும்" என்றான் தம்பி.

"உடைஞ்சிருக்கலாம்" என்றார் அவர். ரொட்டியை மென்றுகொண்டே சுவரைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வந்து விழுங்கியது அக்காவின் கண்ணில் பட்டது. பல ஆண்டுக் குடித்தனத்தில் அவர் விழுங்கிய சொற்களை எடுத்து அடுக்கினால் இன்னொரு கரை கட்டியிருக்கலாம்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. டேப்பு மேடம் வர்றாங்களாம். போன் வந்துச்சு."

இளம் பெண்ணான அந்த இன்ஜினீயருக்கு 'டேப்பு' என்று பெயர் வைத்தவள் அக்காதான். சென்ற ஆண்டு முதன்முறையாக அணையைப் பார்க்க வந்த அன்றே அவள் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துச் சுவரின் உயரத்தை அளந்துவிட்டு, "இதை எடுத்துடணும்மா, இங்க கட்டக் கூடாது" என்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, புல்வெளி நிறைய ஆள். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "டேப்பைச் சுருட்டிட்டுப் போங்க மேடம். தண்ணியில விழுற குழந்தையை உங்க டேப்பா தூக்கும்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். இன்ஜினீயர் காது சிவந்து போய்விட்டாள். பின்பு இருமுறை வந்தபோதும் ஷட்டர்காரரிடம் சொல்லிவிட்டுப் போனாளே தவிர, கேன்டீன் பக்கம் தலைகாட்டவில்லை.

இப்போது தலைகாட்டினாள். ஸ்கூட்டரைச் சாலைமேட்டில் நிறுத்திவிட்டு, மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்டப் படியில் இறங்கி வந்தவள், வாசலில் நின்று காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். அது அக்காவுக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே எரிச்சலும் வந்தது.

"டீ குடிக்கிறீங்களா மேடம்?"

"வேண்டாங்க. எல்லாரும் கொஞ்சம் வெளியில வாங்க."

நால்வரும் சுவரருகே போய் நின்றார்கள். சுவரின் மறுபுறத்தில் ஏரி வந்து நின்றுகொண்டிருந்தது. சுவரின் பாதிக்கு மேல் நீர். இந்தப் பக்கத்துப் புல் மழையில் நனைந்திருந்ததே அன்றி, சுவரிலிருந்து ஒரு சொட்டும் கசியவில்லை. ஒரு கணம் அக்காவின் நெஞ்சு பெருமையில் நிமிர்ந்தது. கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்று கலவையைப் பார்த்துப் பார்த்துப் போட வைத்தது வீண்போகவில்லை.

"நல்லாத் தாங்குது" என்றாள்.

"தாங்கக் கூடாதும்மா" என்றாள் இன்ஜினீயர். அவள் குரலை உயர்த்தவில்லை. "அங்க பாருங்க."

அவள் கைகாட்டிய இடத்தில், நீண்டு கிடந்த கரையின் நடுவில், ஒரு பள்ளம் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து சுற்றிக்கொண்டு வர மனமில்லாதவர்கள் கரையின் மேல் குறுக்காக ஏறி இறங்கிக் கேன்டீனுக்கு வருவார்கள். அந்தக் கால்கள் தேய்த்த தடம் அது. வெயில் காலத்தில் பார்த்தால் சாதாரண ஒற்றையடிப் பாதை. இன்று பார்த்தால், அந்த இடத்தில் மட்டும் நீருக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே ஒரு முழங்கூட இல்லை.

"உங்க சுவர் அந்தப் பள்ளத்தை விட உயரம். தண்ணி இங்க வழியறதுக்கு முன்னாடி அங்க வழிஞ்சிடும். புல் மேல வழிஞ்சாப் பரவாயில்ல; அங்க புல் கிடையாது, கால் பட்டுப் பட்டு வெறும் மண்ணு. மண்ணு மேல தண்ணி ஓட ஆரம்பிச்சா அறுத்துக்கிட்டே போகும். அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது."

"மண் மூட்டை போடலாமே" என்றாள் அக்கா.

"போடத்தான் போறோம். மூட்டையால கொஞ்ச நேரம்தான் தள்ளிப்போட முடியும்."

"எவ்வளவு நேரம்?"

"இருட்டுறதுக்குள்ள வழிஞ்சிடும்னு நினைக்கிறேன்."

கரைக்கு நேர் கீழே, ஓடையின் இரு மருங்கிலும் கீழ்த்தெரு. அக்காவின் மகள் அங்கேதான் இருந்தாள், கைக்குழந்தைக்காரி. மருமகன் பகல் ஷிப்டுக்குப் போயிருப்பான். அவள் உள்ளே போய்ச் செல்போனை எடுத்தாள்.

"ஏண்டி, புள்ளையைத் தூக்கிக்கிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ."

"இப்பதான்ம்மா தூங்கவே வச்சேன். ராத்திரியெல்லாம் உசுரை வாங்கிட்டான்."

"தூங்கினாத் தூக்கிக்கிட்டுப் போ."

"மழையில எப்படிம்மா? சளி பிடிச்சா நீயா வந்து ராத்திரி முழிப்ப? அப்பாவை ஷட்டரைத் திறக்கச் சொல்லு, சரியாப் போயிடும்."

"திறந்தாச்சு. நீ கிளம்பு. பக்கத்து வீடு, எதுத்த வீடு எல்லார்கிட்டயும் சொல்லு."

"சொன்னா என்னைத்தான் பைத்தியம்னு சொல்வாங்க. வாசல்ல கணுக்கால் தண்ணிகூட இல்ல."

"பைத்தியம்னே சொல்லட்டும். நீ போயிட்டு எனக்குப் போன் பண்ணு. பண்ணலைன்னா நான் நேர்ல வருவேன்."

மறுமுனையில் பெருமூச்சு ஒன்று கேட்டது. தாய் நேரில் வந்தால் என்ன நடக்கும் என்று மகளுக்குத் தெரியும்.

வெளியே, சுவரை உடைத்து நீரைப் புல்வெளி வழியே விட வேண்டும் என்று இன்ஜினீயர் சொல்லியிருந்தாள்; தம்பியின் குரல் ஏறியிருந்தது.

"உடைக்கணும்னா கரைப்பக்கம் உடைங்க மேடம். சுவர் அங்கயும்தானே இருக்கு? தண்ணி அந்த ஓரமாப் போயிடும். கேன்டீன் தப்பிச்சிரும்."

"கரைப்பக்கம் உடைச்சா, போற தண்ணி கரையோட தோளை அரிச்சுக்கிட்டே போகும். எதைக் காப்பாத்தணும்னு உடைக்கிறோமோ அதையே கொண்டுபோயிடும். இந்தப் பக்கம் பாறை இருக்கு. இங்கதான் உடைக்கணும்."

"இதுக்கு நேர் எதிர்ல கேன்டீன் இருக்கு."

"ஆமாங்க" என்றாள் இன்ஜினீயர்.

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நீ சொல்றதுதான்."

"நான் சொல்றது இருக்கட்டும். ஷட்டரைப் பார்த்துக்கிறது யாரு, நீங்களா நானா?"

"நான்தான்."

"இந்தச் சுவரை எடுக்கச் சொல்லி மேடம் உங்ககிட்ட வந்து வந்து சொன்னாங்க இல்ல? எங்கிட்ட ஏன் வாயைத் திறக்கலை?"

"சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்லியிருக்கணும்."

மழை அவர்கள் இருவர் தலையிலும் ஒன்றுபோலப் பெய்தது. தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஷட்டர்காரர் கையிலிருந்த கொக்கிக்கழியை மண்ணில் ஊன்றினார்.

"சரி, இப்ப சொல்றேன். மேட்டுப்பக்கம் உடைக்கணும்."

"கேன்டீன்?"

"போகும்."

குடும்பத்தில் ஒரு காரியத்தை அவர் முடிவாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"அப்ப நிக்காதீங்க" என்றாள். "நீங்க மூட்டையைப் பாருங்க. உள்ள மாவுச்சாக்கு, உருளைக்கிழங்குச் சாக்கு எல்லாம் இருக்கு, கொட்டிட்டு எடுத்துக்கோங்க. தம்பி, நீ போய் யார்கிட்டயாவது ஒரு டிராக்டரைக் கேட்டுக் கொண்டா. நான் கொத்தனாரைக் கூப்பிடுறேன்."

"முதல்ல பிரிட்ஜைத் தூக்கிடலாம்க்கா."

"முதல்ல கேஸ் சிலிண்டர். அப்புறம் டிராக்டர். பிரிட்ஜ் கடைசி. நேரம் இருந்தா."

அவள் அடுப்பை அணைத்தாள். காய்ச்சிய பாலை என்ன செய்வது என்று ஒரு நொடி நின்றுவிட்டு, அப்படியே மூடி வைத்தாள். சிலிண்டர்கள் மேட்டில் ஏறின.

கொத்தனார் கடப்பாரையும் சம்மட்டியுமாக வந்துசேர்ந்தபோது கீழ்த்தெருவில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். மீதிப் பேர் வாசலில் நின்று கிளம்புகிறவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தார்களாம்.

"என் பொண்ணு?"

"நான் வர்றப்போ குடையைத் தேடிக்கிட்டிருந்துச்சுக்கா."

"குடையைத் தேடுறாளா?"

"குழந்தைக்கு."

அக்கா பல்லைக் கடித்தாள். மகளிடமிருந்து போன் வரவில்லை.

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். நீர் இப்போது அதன் கழுத்தளவுக்கு வந்துவிட்டது.

"நான் கட்டினதை நானே உடைக்கணுமா?"

"எந்த இடத்துல லேசா இருக்கும்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

"லேசா வைக்க நீங்க எங்க விட்டீங்க? ஒரு சட்டி மணல் அதிகமாப் போட்டப்போ கீழ கொட்டச் சொன்னீங்க. சாப்பிடப் போனாக்கூடக் கலவையைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் விட்டீங்க. வேற யாருக்காவது கட்டியிருந்தா நேத்தே விழுந்திருக்கும்."

"புகழ்ந்தது போதும். அடிங்க."

"சுவருக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிக்கக் கூடாது" என்றாள் இன்ஜினீயர். "பாறை மேல நின்னுதான் அடிக்கணும். விழுந்தா மொத்தமா வரும்."

பாறையின்மேல் நிற்க இருவருக்குத்தான் இடம் இருந்தது. கொத்தனார் சம்மட்டியை ஓங்கினார். முதல் அடிக்குச் சுவர் பூச்சை மட்டும் உதிர்த்தது. அடுத்தடுத்த அடிகளில் மேல்வரிசைக் கற்கள் பெயர்ந்தன. உள்ளே கம்பி பளிச்சென்று தெரிந்தது, துருகூடப் பிடிக்காமல். தம்பி கொண்டுவந்த சங்கிலியைக் கொத்தனார் கம்பியில் வளைத்து மாட்டினார். மறுமுனை மேட்டில் நின்ற டிராக்டரில்.

டிராக்டர் உறுமியது. சங்கிலி விறைத்தது. பின்சக்கரங்கள் சேற்றில் சுழன்று, நின்ற இடத்திலேயே இரண்டு குழிகளைத் தோண்டிக்கொண்டன. சுவர் அசையவில்லை.

"நிறுத்துடா" என்றாள் அக்கா. "பள்ளம் தோண்டவா உன்னைக் கூப்பிட்டேன்? சக்கரத்துக்கு அடியில ஏதாவது போடு."

"எதைப் போடுறது?"

அவள் கேன்டீனுக்குள் போனாள். பெஞ்சைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்து, இம்மி பிசகாமல் அவள் நிறுத்திவைக்கும் பெஞ்சுகள். ஒரு முனையை அவள் பிடித்தாள். இன்ஜினீயர் கேட்காமலேயே மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் பெஞ்சுகளை மேட்டுக்குத் தூக்கிச் சென்று சக்கரத்தடியில் திணித்தார்கள். இரண்டாவது பெஞ்சைத் தூக்கும்போது இன்ஜினீயருக்குக் கால் வழுக்கியது. அக்கா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பார்த்து வை பொண்ணு."

கரையின் நடுவிலிருந்து ஷட்டர்காரரின் குரல் கேட்டது. அவர் கத்துவதை அவர்கள் கேட்டதில்லை என்பதால் முதலில் யார் குரல் என்றே விளங்கவில்லை. பள்ளத்தில் அடுக்கிய சாக்குகளின் இடையே, ஒரு நூல் அளவு நீர், கரையின் மறுபுறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நூல்தான். ஆனால் அது போன வழியில் மண் நிறம் மாறியிருந்தது. அவர் கையிலிருந்த கடைசிச் சாக்கையும் திணித்துவிட்டு, வேறொன்றும் இல்லாததால் தாமே அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அங்கருந்து எந்திரிங்க" என்று அக்கா கூவினாள்.

"நீ அதைப் பாரு" என்றார் அவர்.

அவர் முடிவாகச் சொல்லி அவள் கேட்பது இது இரண்டாவது தடவை. அவள் கொத்தனாரின் கையிலிருந்து சம்மட்டியை வாங்கினாள். அவர் கடப்பாரையைப் பாறைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் செருகிப் பிடித்துக்கொண்டார். அவள் அடித்தாள். குறி தப்பவில்லை; எதையும் குறி தப்பிச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. கடப்பாரை இறங்க இறங்க, சந்திலிருந்து நீர் ஊசிபோலப் பீச்சியது. அந்தச் சுவர் முதன்முறையாகக் கசிந்தது.

"இப்ப இழு" என்றாள்.

பெஞ்சுப் பலகைகள் முறிந்தன. முறிந்தாலும் சக்கரம் பிடித்துக்கொண்டது. சங்கிலி முனகியது. "இந்தப் பக்கம் வாங்க" என்று இன்ஜினீயர் அவர்கள் இருவரையும் பின்னால் இழுத்த அதே நேரத்தில், சுவரின் மேட்டுப்பக்கத் துண்டு, ஆள் நீளத்துக்கு, உடையாமல் முழுசாகச் சாய்ந்தது.

நீர் சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. கனத்த பழுப்புத் துணி ஒன்றை யாரோ உதறிவிட்டதைப்போல வந்தது. புல்லின்மேல் விரிந்து, கேன்டீன் வாசலில் ஏறி, உள்ளே போனது. டம்ளர்கள் ஒன்றாகக் கலகலத்தன. பின்சுவர் சிறிது நேரம் நின்றது. பிறகு தகரக் கூரை மூலையில் மடங்கியது. பிரிட்ஜ், வாத்தைப்போலத் தலையை ஆட்டிக்கொண்டு, பாறைப்பள்ளத்தை நோக்கிப் போயிற்று. தம்பி டிராக்டரின்மேல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடைந்த வாயின் இருபுறமும் சுவர் துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. கம்பிகள் மட்டும் வளைந்து நின்றன.

அக்கா கேன்டீனைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்குகளின்மேல் கறுத்த உருவமாக உட்கார்ந்திருந்தார் அவர். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் மங்கும் வேளையில் எழுந்து நின்று, குனிந்து பார்த்து, கையை மட்டும் தூக்கிக் காட்டினார். நூல் நின்றுபோயிருந்தது.

இன்ஜினீயர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அக்கா தன் முந்தானையைப் பிழிந்தாள்.

"அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள்.

"நானும் அளந்துட்டு அப்படியே போயிருக்கக் கூடாது" என்றாள் அந்தப் பெண். "உங்ககிட்ட உட்கார்ந்து பேசியிருக்கணும். பயமா இருந்துச்சு."

"எங்கிட்டயா?"

"ஆமா."

அருகில் நின்ற கொத்தனார், "எனக்கும்தான்" என்றார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. முந்தைய இரவே மகளிடமிருந்து போன் வந்திருந்தது: பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள், குரலில் ஒட்டுதல் இல்லை. விடிந்ததும் அக்கா கரையின்மேல் நடந்து கீழ்த்தெருவுக்கு இறங்கினாள். புல்வெளி இருந்த இடத்தில் சேறும், கற்களும், கதவில்லாத ஒரு வாசற்காலும் இருந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

தெருவில் மக்கள் பாயையும் பாத்திரத்தையும் சுமந்துகொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓடை அதன் இரு கரைகளுக்குள் அடங்கி, விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. ஒரு வாசலில் நின்ற ஆள், முந்தைய நாள் கிளம்ப மறுத்தவர்களில் ஒருவர், அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, ஊரையே கிளப்பி விட்டீங்களாமே. நான் நல்லாத் தூங்கினேன்."

"நல்லது" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். அவர் மேலும் ஏதோ எதிர்பார்த்து நின்று ஏமாந்தார்.

மகள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. குழந்தை பாயில் கிடந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மகள் துணி மூட்டையைப் பிரித்தபடி, நிமிராமலே பேசினாள்.

"வா. வந்து பாரு உன் பேரனை. ராத்திரியெல்லாம் பள்ளிக்கூடத்துச் சில்லுத் தரையில கிடந்து மூக்கு ஒழுகுது. நல்லாத் தூங்கிட்டிருந்த புள்ள. எதுத்த வீட்டுக்காரங்க கிளம்பவே இல்ல. காலையில எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. அப்பாவும் நீயும் சேர்ந்து பூச்சாண்டி காட்டிட்டீங்களாம். நான் என்ன பதில் சொல்றது?"

அக்கா வாசலில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். தோள் இரண்டும் வலித்தன. உள்ளங்கையைத் தரையில் வைத்து, மெல்ல ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"காய்ஞ்சுதான் இருக்கு" என்றாள்.

"அதைத்தானே நானும் சொல்றேன். ஒரு சொட்டுத் தண்ணி வரலை. வீணா அலைஞ்சதுதான் மிச்சம்."

"ஆமா" என்றாள் அக்கா. கையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. "ஒரு டீ போட்டுக் குடும்மா. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."